நோன்புக் காலத்துப் பழங்கள்: தர்பூசணியும் முலாம்பழமும்

(ரமலானை முன்னிட்டு நம் மஹல்லாவில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

கடந்த சில ஆண்டுகளாக ரமலான் மாதம் தர்பூசணிப் பருவத்தை ஒட்டியே வருகின்றது. கஞ்சிக்கும் வடைக்கும் அடுத்தபடியாக நம் இஃப்தார் விரிப்பில் தவறாமல் இடம்பெறுவது இப்பழமே. நபி (ஸல்) அவர்கள் ‘பித்தீக்’ எனும் பழத்தைப் பேரீச்சங்கனியுடன் சேர்த்து உண்டதாக அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் அறிவிப்பு உள்ளது. அது தர்பூசணியா, முலாம்பழமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. இரண்டுமே ஒரே குடும்பத்துப் பழங்கள்தாம். இரண்டைப் பற்றியும் பேசிவிடுகிறேன்.

2025 கோடையின் தொடக்கத்தில், தர்பூசணியில் ஊசி வழியாகச் சாயம் ஏற்றப்படுகிறது என்ற செய்தி தமிழகமெங்கும் பரவியது. மக்கள் வாங்க அஞ்சினர்; விலை சரிந்தது; விவசாயிகள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஊசி குத்திய பழம் அந்தத் துளை வழியே கசிந்து விரைவில் அழுகிப் போகும். ஏற்றிய சாயமும் ஊசி சென்ற இடத்தில் திட்டாக நிற்குமேயன்றிப் பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவாது. நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது வேறோரிடத்தில் இருக்கிறது: பழத்தின் தோலிலும், நம் கத்தியிலும், வெட்டிய பின் கழியும் நேரத்திலும்.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்துப் பண்ணையொன்றிலிருந்து வந்த முலாம்பழங்களை உண்டவர்களில் 147 பேர் ‘லிஸ்டீரியா’ எனும் கிருமியால் நோயுற்று, 33 பேர் இறந்தனர். 2018இல் ஆஸ்திரேலியாவிலும் இதே பழத்தால் 22 பேர் நோயுற்று, 7 பேர் உயிரிழந்தனர். இவ்விரு நிகழ்வுகளிலும் கருச்சிதைவும் நேர்ந்தது. இக்கிருமி கர்ப்பிணித் தாய்க்கு இலேசான காய்ச்சலை மட்டும் தந்துவிட்டு, வயிற்றிலுள்ள குழந்தையின் உயிரைப் பறிக்கவல்லது. முதியோருக்கும் ஆபத்தானது. குளிர்ப்பெட்டியிலும் மெல்ல வளரும் இயல்புடையது.

முலாம்பழத்தின் தோல் வலைபோல் சொரசொரப்பானது. நிலத்து மண்ணும் கிருமியும் அந்த இடுக்குகளில் தங்கிவிடுகின்றன. கழுவாமல் வெட்டும்போது கத்தியே அவற்றைச் சதைக்குள் கொண்டு சேர்க்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை போன்றவற்றின் புளிப்பு கிருமிகளைத் தடுக்கும். இப்பழங்களில் அப்புளிப்பு இல்லை. இனிப்பும் நீரும்தான் உண்டு. எனவே தோலை உரித்துத்தானே உண்கிறோம் என்று எண்ணாமல், ஓடும் நீரில் தூய தூரிகையால் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே கத்தியை வையுங்கள். சோப்பு வேண்டாம், தோல் அதனை உறிஞ்சிக்கொள்ளும். நோன்புக் காலத்தில் நம் அடுப்பங்கரையில் கஞ்சிக்கான கறியும் பழமும் ஒரே பலகையில் அடுத்தடுத்து வெட்டப்படுவதுண்டு. பழத்திற்கெனத் தனிப் பலகையும் தனிக் கத்தியும் இருத்தல் மிக அவசியம்.

அடுத்தது நேரம். லுஹர் முடிந்ததும் வெட்டித் தட்டில் அடுக்கி மூடி வைத்துவிட்டால் மஃரிபுக்கு எளிதாயிருக்கும் என்று எண்ணுகிறோம். வெட்டிய பழம் 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் இருக்கலாகாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே அளவு. நம் ஊர்ப் பங்குனி வெயிலில் எந்த அளவு பொருந்தும் என்பதை நீங்களே அறிவீர்கள். முன்கூட்டி வெட்டத்தான் வேண்டுமெனில், உடனே மூடியிட்ட சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் 5 டிகிரிக்கு உட்பட்ட குளிரில் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் நிறைத்தால் நடுப்பகுதி குளிர நெடுநேரமாகும். மூன்று நான்கு நாள்களுக்குள் உண்டு முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் முதியோருக்கும் அப்போதே வெட்டியதைக் கொடுப்பதே மேல். வெட்டி வெளியில் பரப்பி வைத்த துண்டுகளையும், பாதி வெட்டி உறை சுற்றிய பழத்தையும் கடையில் வாங்காதீர்கள்.

முழுப் பழத்தைத் தெரிவு செய்வது கடினமன்று. தர்பூசணி பறித்த பின் பழுப்பதில்லை. ஆகவே பார்த்து வாங்க வேண்டும். தரையில் பட்டுக் கிடந்த பக்கம் வெண்மையாக இருந்தால் பிஞ்சு. வெண்ணெய் போல் மஞ்சளித்திருந்தால் முதிர்ந்தது. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். தட்டிப் பார்த்து ஓசையறிவது பழகிய வியாபாரிக்குக் கைகூடும். நமக்கு அந்த மஞ்சள் திட்டே நம்பகமானது. வெடிப்போ, நுரை கசியும் துளையோ இருந்தால் தள்ளிவிடுங்கள். முலாம்பழத்திலோ காம்பு தானே கழன்று சிறு குழி விழுந்திருக்க வேண்டும். அடிப்பக்கம் மணக்க வேண்டும். அது வீட்டில் இரண்டொரு நாளில் மென்மையாகும், மணமும் கூடும். ஆனால் இனிப்புக் கூடாது.

வெட்டாத தர்பூசணியைக் குளிர்ப்பெட்டியில் திணிக்க வேண்டியதில்லை. வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். 2006இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, 21 டிகிரியில் வைத்த பழங்களில் செந்நிறச் சத்தாகிய லைக்கோபீன் மேலும் கூடியது. ஆனால் பழுத்த முலாம்பழம், வாழை, மாம்பழம் இவற்றின் அருகில் தர்பூசணியை வைக்காதீர்கள். அவை வெளியிடும் வாயுவால் அதன் சதை நெகிழ்ந்து நீர்கோத்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். இஃப்தாருக்காகப் பள்ளிவாசலுக்குப் பழம் அனுப்ப விரும்புவோர் வெட்டி அனுப்பாமல் முழுப் பழமாகவே அனுப்புங்கள். அஸருக்குப் பின் அங்கேயே கழுவி, நோன்பு திறக்கும் நேரத்தை ஒட்டி வெட்டிக்கொள்ளட்டும். அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதையும் அவ்வாறே செய்யலாம்.