விரலுக்கு மோதிரம் போட்டது யார்?

   

'அணுகுண்டை இன்னும் வாழ வைப்பது ஆட்சியாளர்களா, மக்கள் மனமா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "பொத்தானை அமுக்குறது ஜனாதிபதி விரல். பாவம், மக்கள் என்ன செய்வாங்க?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிட்டுப் போயிட்டாங்க. விரல் அவருடையதுதாங்க. அந்த விரலுக்கு மோதிரம் போட்டு அழகு பார்த்தது யாரு? (சிரிப்பு)

நான் கிறிஸ்தவன். அடுத்த வீட்டுக் குறையைப் பேசினா சண்டை வரும். அதனால என் வீட்டுக் கதையையே பேசுறேன்.

1945 ஆகஸ்ட் 9. ஜப்பானில் நாகசாகி. அங்கே உராக்காமி என்று ஒரு பகுதி. கிறிஸ்தவ மதத்துக்கு அந்த நாட்டில் தடை இருந்த காலத்தில், 200 வருஷத்துக்கும் மேலே, குருவானவர் ஒருத்தர்கூட இல்லாமல், அப்பா பிள்ளைக்கு, பிள்ளை பேரனுக்கு என்று ரகசியமாக ஜெபம் சொல்லிக் கொடுத்து விசுவாசத்தைக் காப்பாற்றின ஜனங்க அவங்க. தடை நீங்கின பிறகு கோயில் கட்டினாங்க. 1895ல் தொடங்கி, கோபுரங்கள் முடிய 1925 ஆச்சு!

அன்றைக்குக் காலையில் அந்தக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் நடக்குது. ஆகஸ்ட் 15 மாதா திருவிழா வருதில்லையா, அதுக்கு ஆயத்தம். குண்டோடு வந்த விமானம் முதலில் போனது கோகுரா நகரத்துக்கு. கீழே எதுவும் தெரியாதபடி மறைத்ததால் நாகசாகிக்குத் திரும்பியது. 11 மணி 2 நிமிஷம். கோயிலுக்குச் சுமார் 500 மீட்டரில் வெடித்தது. உள்ளே இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. உராக்காமியில் இருந்த சுமார் 12,000 கத்தோலிக்கரில் சுமார் 8,500 பேர் செத்துப் போனாங்க.

விமானத்தை ஓட்டினவர் சார்லஸ் ஸ்வீனி. அவரும் கத்தோலிக்கர்! கீழே இருந்தவன் சொன்ன அதே ஜெபத்தைச் சொல்லி வளர்ந்தவர். அந்தப் படையினருக்கு ஜார்ஜ் ஸபெல்கா என்று ஒரு குருவானவர். விமானம் கிளம்பின டினியன் தீவில் இருந்தவர். பொதுமக்களைக் கொல்வது தப்பு என்று அப்போது ஒரு பிரசங்கம்கூட நான் செய்யவில்லையே என்று பிற்காலத்தில் ஊர் ஊராகச் சொல்லி வருந்தினார். அவர் வாயை எந்த ஆட்சியாளர் வந்து கட்டினார்? ஊரே சரி என்று நினைத்தது. அவரும் நினைத்தார்.

குண்டு செய்தது பரம ரகசியம், மக்களைக் கேட்டா செஞ்சாங்க என்பார்கள் எதிரணியினர். நியாயம். முன்னாடி கேட்கலை. பின்னாடி கேட்டாங்களே! அதே ஆகஸ்டில் அமெரிக்காவில் காலப் கருத்துக்கணிப்பு. 100க்கு 85 பேர் 'போட்டது சரி' என்றார்கள். அதில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போறவங்க எத்தனை பேரோ!

அதிபர் ட்ரூமன் வானொலியில் பேசினார். இந்த ஆயுதம் எதிரிக்குக் கிடைக்காமல் நமக்குக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி என்றார். ஜனங்க முகம் சுளிப்பாங்கன்னா இப்படிப் பேசுவாரா? பள்ளிக்கூடத்தில் எதைப் படிச்சாங்களோ இல்லையோ, நம்ம முகத்தைப் படிக்கிறதில் அரசியல்வாதிகள் கெட்டிக்காரங்க. (சிரிப்பு, கைதட்டல்)

முகம் மாறினா என்ன ஆகும்? அதுக்கும் சாட்சி இருக்கு. 1982 ஜூன் 12, நியூயார்க்கில் லட்சக்கணக்கான மக்கள் அணு ஆயுதத்துக்கு எதிராகத் திரண்டார்கள். 1983ல் அமெரிக்க ஆயர்கள், ஊரை அழிக்கிற குண்டை எந்தக் காரணத்துக்கும் போடக்கூடாது என்று கடிதம் எழுதினார்கள். ஏவுகணையாகக் குவித்த அதே ரீகன், 1987ல் கோர்பச்சேவோடு உட்கார்ந்து நடுத்தூர ஏவுகணைகளை ஒழிக்கக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா கூட்டம் கலைஞ்சு வீட்டுக்குப் போனப்புறம், 2019ல் அந்த ஒப்பந்தமே செத்துப்போச்சு. கேட்க நாதியில்லை.

மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே. ஒரே நிமிஷம். அணு ஆயுதங்களைத் தடை செய்ய வேண்டும் என்று போப் 23ஆம் யோவான் 1963லேயே எழுதினார். வைத்திருப்பதே தப்பு என்று 2019ல் ஹிரோஷிமாவில் நின்று சொன்னார் போப் பிரான்சிஸ். இடையில் 2015ல் பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்க மக்களைக் கேட்டது. 70 வருஷம் கழித்தும் 100க்கு 56 பேர், 'குண்டு போட்டது நியாயம்தான்!'

போப் சொல்லியே அசையாத மனசை எந்த ஜனாதிபதி கட்டிப்போட்டார் என்று எதிரணி சொல்லட்டும். தீர்ப்பு உங்கள் கையில்.