போட்டி வேறு, பகை வேறு



மாசி, பங்குனி மாதங்களில் வன்னி நிலத்திலே பெரும்போக அறுவடை நிறைவெய்தும். அக்காலத்திற் பரந்தன் சந்தியிலோ கிளிநொச்சிக் கடைத்தெருவிலோ ஒரு தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அமர்ந்திருப்போர், நெல்லின் விலையைப் பற்றிய பேச்சுக்கு அடுத்தபடியாக மற்றொரு பேச்சையும் கேட்பர். அது யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் துடுப்பாட்டப் பேச்சு. இவ்வாண்டு எந்த அணி வலியது, சென்ற ஆண்டு யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், முன்னொரு காலத்தில் எந்தப் பந்து வீச்சாளர் எதிரணியைக் கலங்க வைத்தார் என்று விடாது வாதம் நிகழும். வாதிடுவோரிற் சிலர் அக்கல்லூரிகளின் பழைய மாணவர். சிலரோ அவற்றின் வாயிலைக்கூட மிதியாதவர். ஆயினும் ஆர்வத்தில் இரு சாராரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர்.

இரசிகர்களின் இந்தப் பேச்சைப் பற்றியும், அதனைப் பிறப்பிக்கும் பாடசாலைப் போட்டிகளைப் பற்றியுமே இன்று தங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

இலங்கையில் இத்தகைய போட்டிகளுள் மிகப் பழையது கொழும்பிலே 1879 ஆம் ஆண்டு தொடங்கியது. அக்காலத்திற் கொழும்பு அக்கடமி எனப் பெயர் பெற்றிருந்த றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் அதில் எதிர்நின்றன. முதலாண்டில் ஆசிரியர்களும் சேர்ந்தே ஆடினர். 1880 முதல் மாணவர் மட்டுமே ஆடலாயினர். யாழ்ப்பாணத்திலே மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 இல் முதன்முறையாகச் சந்தித்தன. அதுவே இன்று ‘வடக்கின் பெருஞ்சமர்’ என வழங்குவது. புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் இடையில் நிகழும் ஆட்டத்திற்குப் ‘பொன் அணிகளின் போர்’ என்று பெயர். போர்க்காலத்திற் சில ஆண்டுகள் இவ்வாட்டங்கள் தடைப்பட்டன. பின்னர் மீண்டும் தளிர்த்தன.

யாழ்ப்பாணத்து ஆட்டத்தை வன்னியில் இருந்து பேசுவானேன் என்று கேட்கலாம். இரணைமடுக் குளம் 1920 ஆம் ஆண்டளவிற் கட்டி முடிந்தது. அதன் பின் வந்த குடியேற்றத் திட்டங்களால் குடாநாட்டிலிருந்து பல குடும்பங்கள் இங்கு வந்து காடு வெட்டிக் கழனி ஆக்கின. அவர்கள் கொணர்ந்த பொருள்களுள் தாம் பயின்ற கல்லூரியின் மீது கொண்ட பற்றும் ஒன்று. அப்பற்று பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் முதுசமாக இறங்கியது. ஆகவே ஆட்டம் அங்கும் பேச்சு இங்குமாக இருப்பதில் வியப்பில்லை.

இப்பேச்சு வீண்பேச்சு எனக் கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதுகிலேன். ஓர் இரசிகர் தம் அணியைப் பற்றிப் பேசும்பொழுது நான்கு காரியங்களைச் செய்கின்றார். நடந்ததை நினைவில் வைக்கின்றார், ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுகின்றார், மறுப்பவருக்குச் சான்று காட்டுகின்றார், வரப்போவதை ஊகிக்கின்றார். வகுப்பறையில் வரலாறும் தருக்கமும் கற்பிக்க நாம் படும்பாட்டை எண்ணிப் பாருங்கள். அவற்றை ஒரு விவசாயி தேநீர்க் குவளையைக் கையில் ஏந்தியபடி தாமாகவே பயில்கின்றார். எதிரே இருப்பவர் எதிரணியின் ஆதரவாளராயின் பயிற்சி இன்னும் கூர்மை பெறும். அவர் பிழையான எண்ணிக்கையை ஒருகாலும் பொறுத்துக்கொள்ளமாட்டார் அன்றோ!

ஆனால் இங்கே ஒரு சொல்லைப் பற்றி நாம் நின்று யோசித்தல் வேண்டும். நாம் இவ்வாட்டங்களைச் ‘சமர்’ என்கின்றோம், ‘போர்’ என்கின்றோம். பிற இடங்களில் இவை வெறும் அலங்காரச் சொற்கள். வன்னியில் அவ்வாறு அல்ல. 2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்தனர். பாடசாலைகள் மரநிழலுக்கு மாறின. பின்னர் அம்மரநிழலும் இல்லாது போயிற்று. எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களிலே கூடாரங்களுக்குள் வாழ்ந்தனர். அந்நாள்களைக் கண்ட தாய் ஒருத்திக்குப் போர் என்ற சொல் துடுப்பையும் பந்தையும் நினைவூட்டாது. அதன்பின் பிறந்த அவளுடைய மகனுக்கோ அச்சொல் ஆரவாரத்தையும் கொடியையும் நினைவூட்டுகின்றது. ஒரே வீட்டில் ஒரே சொல்லுக்கு இரு பொருள்!

இவ்விரு பொருளையும் பிரித்தறிய நம் பழந்தமிழ் இலக்கணமே துணைசெய்கின்றது. தொல்காப்பியர் புறத்திணைகளை வகுத்தபொழுது, போர் எதன் பொருட்டு நிகழ்கின்றது என்பதை நோக்கி வகுத்தார். ஆநிரையின் பொருட்டு எழுவது வெட்சி. மண்ணின் பொருட்டு எழுவது வஞ்சி. அரணின் பொருட்டு எழுவது உழிஞை. தும்பை என்பதோ மண்ணையும் பொன்னையும் கருதாது, வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு எதிர்நிற்பது. வாகையைக் கூறுமிடத்து, வாளேந்தியோருக்கு மட்டும் அதனை உரித்தாக்காமல், ஒவ்வொருவரும் தத்தம் செயலிற் பிறரினும் மேம்படுதலையே வாகையாகக் கொண்டார். அங்ஙனமாயின், பாடசாலை மைதானத்தில் நாம் தேடவேண்டியது வாகை. எவருடைய மண்ணையும் அங்கு நாம் பறிக்கச் செல்வதில்லை.

போருக்கும் போட்டிக்கும் உள்ள வேற்றுமையை மாணவர்க்கு நான் இப்படிச் சொல்வதுண்டு: போரில் ஈடுபட்டவர், எதிரி இனி ஒருபோதும் வராதிருக்க வேண்டும் என்று விரும்புவார். போட்டியில் ஈடுபட்டவர், எதிரணி அடுத்த ஆண்டும் தவறாது வரவேண்டும் என்று விரும்புவார். எதிரணி வாராது போயின் மைதானத்தில் நமக்கு என்ன வேலை? யாரை வென்றோம் என்று பேசுவது? ஆகவே எதிரணி நம் செல்வங்களுள் ஒன்று. அதனைப் பேணுதல் நம் கடமை.

கடல் கடந்த நாடொன்றிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். கூடைப்பந்தாட்டம் 1891 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியராற் புனையப்பட்டது. குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்காக, பழக் கூடைகள் இரண்டை மாடத்தில் மாட்டி அவர் ஆட்டத்தைத் தொடங்கினார். இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டங் கூட்டமாகச் சேர்ந்து கூடைப்பந்தாட்டப் பருவம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்துகின்றன. 1953 இல் தோன்றிய அத்திலாந்திக் கரையோரக் கூட்டமைப்பு அவற்றுள் ஒன்று. அதிலே டியூக், வட கரோலினா என்னும் இரு பல்கலைக்கழகங்கள் உள. இரண்டுக்கும் இடையே தூரம் ஏறக்குறைய 10 மைல். ஒன்று தனியாருடையது, மற்றையது அரசினுடையது. ஒன்றின் நிறம் கரு நீலம். மற்றையதன் நிறம் வெளிர் நீலம். 1920 முதல் இவை எதிர்நின்று ஆடி வருகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை இவர் மண்டபத்திலும் ஒருமுறை அவர் மண்டபத்திலுமாகச் சந்திக்கின்றன.

நாடளாவிய இறுதிச் சுற்றுப் போட்டியிலே இவ்விரு அணிகளும் முதன்முறை எதிர்ப்பட்டது 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இரசிகர் பேசிப் பேசிக் காத்திருந்த ஆட்டம் அது. வட கரோலினா 81 புள்ளியும் டியூக் 77 புள்ளியும் பெற்றன. 42 பருவங்கள் டியூக் அணியைப் பயிற்றிய மைக் ஷஷெவ்ஸ்கி என்பாருக்கு அதுவே கடைசி ஆட்டமாயிற்று. ஓர் ஆட்டம் அத்துணைப் பெரிதாகத் தோன்றியமைக்குக் காரணம் யாது? அதன் பின்னே நூறாண்டுச் சந்திப்புகள் இருந்தன. அவற்றை மறவாத நாவுகளும் இருந்தன.

யாழ்ப்பாணத்தையும் அமெரிக்காவையும் ஒருங்கே நோக்கின், நல்ல போட்டி வேரூன்ற மூன்று வேண்டும் என்பது விளங்கும். ஒன்று அண்மை, சந்தையிலும் திருமண வீட்டிலும் இரு சாராரும் ஒருவரையொருவர் காணவேண்டும். இரண்டு ஒப்புமை, எப்பொழுதும் ஒரே அணி வெல்வதாயின் பேச்சு நின்றுவிடும். மூன்று தொடர்ச்சி, இன்று தோற்றவனுக்கு மறுநாள் ஒன்று உண்டென்ற உறுதி வேண்டும்.

வன்னியிலே அண்மைக்குக் குறைவில்லை. ஒப்புமையும் உண்டு, நம் பாடசாலைகள் பெரும்பாலும் ஒரே நிலையில் இருந்து மீள எழுந்தவை. இல்லாதது தொடர்ச்சியே. இடையிடையே தொடங்கப்பட்ட ஆட்டங்களும் இன்னும் இளங்கன்றுகள். நம் மாணவர் பெரிதும் பங்குபற்றுவது வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என ஏறிச்செல்லும் போட்டிகளில். அவை வேண்டியவையே, திறமையைத் தெரிந்தெடுக்க அவை உதவும். ஆனால் தோற்றவர் வெளியேறும் முறையில் நான்கு அணிகள் கூடினால் மொத்தம் மூன்றே ஆட்டங்கள். இரண்டு அணிகள் ஓர் ஆட்டத்தோடு வீடு திரும்பும். துணுக்காயிலிருந்து விடியற்காலையில் வண்டியேறிச் சென்ற பிள்ளை, ஒரு மணி நேரம் ஆடித் தோற்று, அடுத்த ஆண்டுவரை காத்திருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி ஊரார் எவ்வளவு பேச முடியும்?

அதே நான்கு பாடசாலைகள் தமக்குள் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு இருமுறை, தன் மைதானத்தில் ஒன்றும் பிறர் மைதானத்தில் ஒன்றுமாக ஆடினால், 12 ஆட்டங்கள் நிகழும். ஒவ்வோர் அணிக்கும் ஆறு ஆட்டங்கள் கிட்டும். தோல்வி கண்ட அணி மூன்று கிழமையிற் பழுதைத் திருத்தி அதே எதிரணியை மீண்டும் சந்திக்கும். இதற்குப் பெரிய அரங்கம் வேண்டியதில்லை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியின் அருகே இருக்கும் நான்கு பாடசாலைகள் கூடலாம். வவுனியா நகரை அண்டிய நான்கு கூடலாம். ஆட்டம் உதைபந்தாட்டமாயினும் கரப்பந்தாட்டமாயினும் ஆகுக. ஒரு மைதானம், ஒரு பந்து, மாலை வேளையில் இரண்டு மணி நேரம், நேர்மையான நடுவர் ஒருவர், இவை போதும்.

பெண் பிள்ளைகளை இங்கு மறத்தல் ஆகாது. கூடைப்பந்தாட்டத்தின் உடன்பிறப்பாகிய வலைப்பந்தாட்டம் நம் பாடசாலைகளிற் பெண்களுக்குரிய ஆட்டமாக நெடுங்காலம் விளங்குகின்றது. யாழ்ப்பாணத்துப் பெண்ணாகிய தர்ஜினி சிவலிங்கம், 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியிலே முன்னின்று ஆடினார். ஆயினும் வன்னிப் பாடசாலை ஒன்றில் வலைப்பந்தாட்டம் நடக்கும் மாலையில் வேலியோரம் நிற்போரை எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதும். ஆண்களின் ஆட்டத்துக்குக் கிடைக்கும் பேச்சிற் பாதியாவது மகளிர் ஆட்டத்துக்குக் கிடைக்கவேண்டும். பேசப்படாத ஆட்டம் வளர்வதில்லை.

இனி, பேசுவோரின் கடமையைப் பற்றி ஒரு வார்த்தை. மைதானத்தில் ஆடுவோர் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒரு பிடியைத் தவறவிட்ட மாணவன் அன்றிரவு உணவு கொள்ளாது படுத்திருப்பான். மறுநாள் காலை சந்தியில் நாற்பது வயதினர் அவன் பெயரைச் சொல்லி நகைப்பது அவன் செவிக்கு எட்டும். அந்நகைப்பால் விளையாட்டையே விட்ட பிள்ளைகளை நான் அறிவேன். அதே சந்தியில் வேறொரு நாள், முதியவர் ஒருவர், தம் அணியைத் தோற்கடித்த எதிரணிப் பையனை அழைத்து, “தம்பி, நீ போட்ட பந்தை எங்கட ஆக்கள் ஒருவரும் ஆடேலாது. அடுத்த வருசமும் வா” என்றார். அப்பையன் நிமிர்ந்து நடந்த நடையை நான் இன்றும் மறந்திலேன். இரண்டும் இரசிகர் பேச்சே. ஒன்று ஆட்டத்தை அழிக்கும், மற்றையது வளர்க்கும்.

ஆகவே இரசிகப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கண்டதையே பேசுங்கள். எதிரணியின் திறனை முதலிற் சொல்லி, உங்கள் அணியின் பெருமையைப் பின்னர் சொல்லுங்கள். தோல்விக்கு நடுவரையும் பிள்ளையையும் காரணமாக்காதீர்கள். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அது நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று, தேநீர்க் கடைக்கும் உரியது.

அதிபர்களிடமும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களிடமும் வேண்டுவது ஒன்று. 2009 க்குப் பின் நாம் திரும்பி வந்தபொழுது, பல பாடசாலைகளிற் கூரையோடு பதிவேடுகளும் இல்லாதிருந்தன. யார் ஆடினார், யார் வென்றார் என்பதற்கு முதியோரின் நினைவே சான்றாயிற்று. அம்முதியோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். இனி நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்தையும், நாள், அணி, ஆடியோர் பெயர், கிடைத்த புள்ளி ஆகியவற்றோடு ஒரு கொப்பியில் எழுதி, அதன் படி ஒன்றை எதிரணிப் பாடசாலையிலும் வையுங்கள். நம் ஏடு தொலைந்தால் அவர் ஏடு நம் வரலாற்றைக் காக்கும்.

நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லக்கூடிய நல்ல முதுசங்களுள், ஆண்டுதோறும் வந்து கைகுலுக்கி எதிர்நிற்கும் ஓர் எதிரணியும் ஒன்றாகுக.