காற்றும் அலையும் கரைவலையும்

அடிவானம் வரை விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு முழுவதையுமே நாம் கடல் என்கிறோம். கரையிலிருந்து தொழில் செய்யும் மீனவருக்கோ, அலை மடிந்து உடையும் அந்தச் சில நூறு அடி அகலமே முதற் கடல். அதைக் கடந்துவிட்டால் அப்பாலுள்ள ஆழம் அவரை அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. தமிழகத்தின் கிழக்குக் கரையிலும், ஆந்திரம் ஒடிசா வழியாகப் பூரி வரையிலும், படகுகள் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைகள் மிகச் சிலவே. ஆதலின் நீண்ட மணற்கரையில் நின்றபடியே கடலில் இறங்கவும், அதே மணலில் வந்து ஏறவும் வேண்டியதாயிற்று. கட்டுமரம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. சென்னைத் துறைமுகம் கட்டப்படுமுன் கப்பலிலிருந்து பயணிகளைக் கரை சேர்த்த மசூலாப் படகும் அத்தகையதே. முன்னதில் மரங்கள் கயிற்றால் பிணைக்கப்பட்டன. பின்னதில் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டன. இரண்டும் அலையின் அடிக்கு விறைத்து நில்லாமல் நெகிழ்ந்து கொடுத்தன. இன்று பைபர் படகும் இயந்திரமும் அவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. அலை உடையும் இடம் மட்டும் பழைய இடந்தான்.

அலை ஏன் உடைகிறது? அலையின் உயரத்தைக் காட்டிலும் நீரின் ஆழம் சற்றே கூடுதலாக இருக்கும் இடத்திற்கு அது வந்தவுடன், அடிப்பகுதி தரையால் தடைப்பட, மேற்பகுதி முந்திச் சென்று கவிழ்கிறது. நான்கடி உயர அலை ஏறக்குறைய ஐந்தடி ஆழத்தில் உடைந்துவிடும். ஆகவே நுரை எங்கே எழுகிறது என்று பார்த்தே, அங்கு எவ்வளவு ஆழம், மணல்திட்டு எங்கே உள்ளது என்பதைக் கரையில் நிற்பவர் அறிந்துகொள்ளலாம். பெரிய அலைகள் நான்கைந்து சேர்ந்து வருவதும், பின்னர்ச் சிறிது நேரம் கடல் ஓய்வதும் இயல்பு. ஏழாவது அலையே பெரிது என்று சிலர் கணக்குச் சொல்வர். எல்லாக் கடலுக்கும் எல்லா நாளுக்கும் அது பொருந்துவதில்லை. அனுபவசாலிகள் எண்ணிக்கையை நம்பாமல், ஓய்வு வரும் வரை படகின் பக்கத்தில் பொறுத்திருந்து, வந்த கணத்தில் ஒரே மூச்சில் தள்ளிவிடுகின்றனர்.

இனிக் காற்றைப் பார்ப்போம். இரவில் நிலம் விரைந்து குளிர்வதால் விடியலுக்குமுன் கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும். அது வரும் அலையை எதிர்த்து நிற்பதால் நீர்மேற்பரப்பு ஒழுங்குபட்டு, சிறு குறு அலைகள் அடங்கிவிடும். பாய் விரித்தோர் அக்காற்றிலே புறப்பட்டு, நண்பகலுக்குப்பின் எழும் கடற்காற்றிலே திரும்பினர். கடற்காற்று அலையைப் பின்னிருந்து தள்ளி, வேளைக்குமுன்பே உடையச் செய்து, கரையோரத்தைக் குழப்பிவிடும். சென்னையில் கோடை மேல்காற்று வலுத்த நாள்களில் கடற்காற்று தாமதித்து வருவதை அங்கு வாழ்ந்த நேயர்கள் வெப்பத்தின் வாயிலாக அறிந்திருப்பீர்கள். மீனவர் அதை அலையின் வாயிலாக அறிகின்றனர்.

கரைவலைக்கு இந்த அறிவு இன்னும் கூடுதலாக வேண்டும். கன்னியாகுமரிப் பக்கத்தில் இதனைக் கரமடி என்பர். கேரளத்தில் கம்பவலை என்பர். நடுவில் மடியும் இருபுறம் நீண்ட கைகளும் உடைய பெரிய வலை அது. ஒரு கயிற்றின் முனையைக் கரையில் விட்டுவிட்டுப் படகு அரைவட்டமாகச் சென்று வலையை இறக்கி, மறு முனையைச் சற்றுத் தொலைவில் கரை சேர்க்கும். பின்னர் இரு குழுவினர் நின்று இழுப்பர். அலைகள் கரையை நேராக அடைந்தால் தொல்லை குறைவு. சாய்ந்து வந்து மோதினாலோ, கரையோரமாகவே ஒரு நீரோட்டம் பிறந்து வலையை ஒருபுறமாகத் தள்ளிக்கொண்டு போகும். இழுப்போரும் அதனுடன் மணலில் நடந்துகொண்டே இழுக்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சென்னைக் கரையோர மீனவர் வழங்குகின்றனர். தென்மேற்குப் பருவத்தில் முன்னதும், வடகிழக்குப் பருவத்தில் பின்னதும் ஓங்கும். ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. அதனால்தான் துறைமுகச் சுவர் எழுந்தபின் அதன் தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே இராயபுரத்தில் கரை அரித்தது. பொறியாளர் பிற்பாடு அளந்து கண்டதற்கு மீனவர் முன்னரே பெயர் வைத்திருந்தனர் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

அலையே இல்லாத கடலும் மீனவருக்கு உவப்பானதன்று. மிதமான அலை அடிமணலைக் கிளறி, புதைந்து கிடக்கும் சிறு நண்டுகளையும் புழுக்களையும் வெளிக்கொணரும். அவற்றைத் தேடிக் கிழங்கானும் பிறவும் கரையருகே வரும். சற்றே கலங்கிய நீரில் மீன் தூண்டிற் கயிற்றையோ வீச்சுவலையின் நிழலையோ எளிதில் காணாது. அலை மிகுந்தால் தூண்டிலின் ஈயக்குண்டு நிலைகொள்ளாது. பாசியும் சேறும் வலையில் நிறையும்.

மேற்குக் கரையில் இயற்கையே செய்த விந்தை ஒன்று உண்டு. சூன் முதல் ஆகஸ்டு வரை கேரளக் கரை முழுவதும் பேரலை மோதுகையில், ஆலப்புழை, புறக்காடு போன்ற இடங்களில் கடலடிச் சேறு கலங்கி எழுந்து, அலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது. அங்கு மட்டும் கடல் குளம்போல் அடங்கியிருக்க, அக்கம்பக்கத்து ஊர்ப் படகுகளெல்லாம் வந்து கூடும். இதனையே சாகரை என்கின்றனர்.

இதற்கு நேர்மாறானது கள்ளக்கடல். காற்று இல்லை, வானில் மேகம் இல்லை, ஆயினும் பேரலை எழுந்து கரையேறி வரும். பெரும்பாலும் ஏப்பிரல், மே மாதங்களில் கேரளக் கரையிலும் நம் தென்கோடியிலும் இது நேர்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடிப் புயல்கள் எழுப்பிய அலை இது. பதினெட்டு நொடிக்கு ஒன்றாக வரும் இத்தகைய அலைக்கூட்டம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். 6,000 கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்தது ஐந்தாம் நாள் நம் கரையை அடையும். 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஒன்றில் பயிற்சி மருத்துவர் ஐவர் இவ்வகை அலையால் உயிரிழந்தனர். முன்னெச்சரிக்கை வெளியாகியிருந்தும் அது நேர்ந்தது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என் கருத்தொன்றைச் சொல்ல விரும்புகிறேன். உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை வேறு. தொலைவிலிருந்து வரும் அலை வேறு. அறிவிப்புகளில் இரண்டையும் "கடல் கொந்தளிப்பு" என்ற ஒரே தொடரால் குறித்துவிடுகிறோம். கேட்பவர் வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார்; தெளிவாக இருக்கிறது; அறிவிப்புப் பொய் என்று எண்ணிக் கடலில் இறங்குகிறார். கள்ளக்கடல் என்னும் சொல்லோ, சொல்லாமல் வருவது என்ற எச்சரிக்கையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. கேரள மீனவர் வாயில் வழங்கிய அச்சொல்லை அறிவியலாரும் ஏற்றுக்கொண்டனர். நம் அறிவிப்புகளிலும் அதனையே கூசாமல் எழுத வேண்டும் என்பேன்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் விடுமுறை நாளில் பூரிக்கோ கோபால்பூருக்கோ குடும்பத்துடன் செல்வதுண்டு. தூண்டிலுடன் செல்வோரும் உண்டு. நுரைக்கும் அலைகளுக்கிடையே ஓரிடம் மட்டும் அடங்கி, சற்றே கலங்கித் தோன்றினால், அங்கே இறங்கற்க. உடைந்த அலைகளின் நீரெல்லாம் கடலுக்குத் திரும்பி ஓடும் வாய்க்கால் அது. அதில் சிக்கினால் கரை நோக்கி நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். பூரியில் நுலியாக்கள் என வழங்கும் தெலுங்கு மீனவர் அவ்வாய்க்கால்களை ஒரு பார்வையிலே காட்டிவிடுவர். அவர்களைக் கேட்டுவிட்டு இறங்குவது நலம்.

ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அலையுயரத்தை நாள்தோறும் முன்கூட்டிக் கணித்து வெளியிடுகிறது. கள்ளக்கடல் எதிர்பார்க்கப்படும் நாளில், படகுகளை மேட்டிற்கு ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டிவைக்குமாறு அது அறிவுறுத்துகிறது.