வயதானவர் தட்டில் என்ன இருக்கிறது?

(முதியோர் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



"என்ன சாப்பிட்டால் மறதி வராது டாக்டர்?" என்று கேட்காதவர் இல்லை. வல்லாரையா, பாதாமா என்பார்கள். அப்படி ஒரே பொருளில் அடங்கிய மருந்து கிடையாது. ஆனால் உணவில் ஒரு சத்து குறைந்தால் மறதி வரும். அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எழுபது வயதுத் தாயார் ஒருவரை மகன் அழைத்து வந்தார். அடுப்பை அணைக்க மறக்கிறார், பேரன் பெயர் தடுமாறுகிறது, கால் மரத்துப் போகிறது. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று வீட்டில் முடிவுகட்டி விட்டார்கள். "என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்றேன். காலையில் வரக்காப்பி, மதியம் ரசஞ்சோறு, இரவில் கஞ்சியும் ஊறுகாயும். பல் போனபின் மீனும் நின்றுவிட்டது. "எனக்கொருத்திக்கு என்னத்தைச் சமைக்கிறது?" என்றார்.

இரத்தத்தில் வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது. இதில் என் தவறும் உண்டு. நீரிழிவுக்காக அவருக்கு ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் எழுதிக் கொடுத்தவன் நானே. அம்மாத்திரை நாளடைவில் இச்சத்தைக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தும் ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. ஊசி போட்டோம். சில மாதங்களில் பேரன் பெயர் நாவுக்குத் திரும்பியது. கால் மரப்பு முழுவதும் போகவில்லை; தாமதித்துவிட்டோம்.

எல்லா மறதியும் இதனால் வருவதல்ல. ஆனால் சரிசெய்யக்கூடிய மறதி இது.

பி12 நரம்புகளின் மேலுறையைக் காப்பது. அரிசியிலும் கீரையிலும் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், ஈரலில் உண்டு. 1926-இல் அமெரிக்க மருத்துவர்கள் மைனாட், மர்ஃபி இருவரும் கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்கு ஈரலை உணவாகக் கொடுத்தே பிழைக்க வைத்தார்கள். அந்த ஈரலில் இருந்த சத்து 1948-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் போதும். பெரிய டம்ளர் பாலில் ஏறக்குறையப் பாதி கிடைத்துவிடும். ஆனால் முதுமையில் வயிற்று அமிலம் குறைவதால் உண்டதெல்லாம் உடலில் சேர்வதில்லை. நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இரத்தசோகை என்று தாமாகவே போலிக் ஆசிட் மட்டும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். இரத்தம் தேறும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

மத்தி மீன் பெரும்பாலும் மலிவுதான். முள்ளெடுத்து மசித்துக் கொடுங்கள். சைவ உணவுக்காரர்கள் பாலையும் தயிரையும் விட்டுவிடாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறையட்டும். இரத்த அழுத்தம் ஏறினால் மூளையின் நாளங்கள் தாங்காது.

மெட்பார்மின் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். இத்தனை பேரா! வாசலில் சகோதரி நிற்கிறார். பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.