ஐம்பது காசில் எழும்பிய பள்ளிவாசல்கள்

(வாலிபர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சிங்கப்பூர் போய்வந்தவன் மைக்கைப் பிடித்தால் என்ன சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். ரோட்டில் குப்பை இல்லை, லஞ்சம் இல்லை, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். இவையெல்லாம் நம் சபுராளிகள் கோடாலித் தைலத்தோடு சேர்த்துக் கொண்டுவரும் செய்திகள்தாம். அவற்றை நான் மறுபடி சொல்லப் போவதில்லை.

அந்த ஊருக்கு நாம் அந்நியர்களும் அல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா பள்ளிவாசலை நிறுவியது 1826-இல். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக ஒரு கட்டடமே உண்டு. கடையநல்லூர்க்காரர்கள் 1941-இல் அங்கே முஸ்லிம் லீக் அமைத்து, உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடத்தினார்கள். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.

என்னை உலுக்கியது ஒரு துண்டுக் காகிதம். என் தங்கை மகன், "மாமா, இதைப் பாருங்கள்" என்று தன் சம்பளச் சீட்டைக் காட்டினான். சேமநிதிக்குப் பிடித்ததற்குக் கீழே, பள்ளிவாசல் கட்டடத்துக்கும் மெண்டாக்கிக்கும் என்று ஒரு பிடித்தம்.

விசாரித்தேன். கம்பங்களைக் காலி செய்து மக்களை அடுக்குமாடிகளில் குடியேற்றியபோது, புது நகரங்களில் தொழப் பள்ளியில்லை. 1975-இல் ஒரு நிதி தொடங்கினார்கள். முஸ்லிம் தொழிலாளி ஒவ்வொருவரிடமும் மாதம் ஐம்பது காசு! விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். அந்தக் காசில் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளி 1977-இல் எழுந்தது. பிறகு நகரத்துக்கு நகரம் பள்ளிகள். 1984 முதல் அதே பிடித்தத்தில் ஒரு பங்கு, பிள்ளைகளின் படிப்புக்காக 1982-இல் தொடங்கிய மெண்டாக்கிக்கும் போகிறது. நூற்றுக்குப் பதினைந்து பேராக இருக்கும் சமுதாயம் செய்த வேலை இது.

"அங்கே அரசாங்கமே பிடித்துக் கொடுக்கிறது, இங்கே யார் கொடுப்பார்?" என்று ஒரு தம்பி முணுமுணுப்பது கேட்கிறது. வாஸ்தவம்தான். ஆனால் பிடிபடுவது அரசாங்கத்தின் காசல்ல, தம்பி.

அந்த நாட்டில் எல்லாம் தேன் என்றும் நான் சொல்ல வரவில்லை. நினைத்த தெருவில் மேடை போட்டு அரசைத் தட்டிக்கேட்க முடியாது, அனுமதி வேண்டும். அரசுப் பள்ளிக்கூடங்களில் சீருடையோடு தலைத்துணி அணிய நம் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. தாதியர்க்கே 2021 நவம்பரில்தான் கிடைத்தது. நம்மூர்க் கூலித் தொழிலாளிகள் விடுதிகளில் எப்படி நெருக்கியடித்துக் கிடந்தார்கள் என்பதை 2020-இல் கொரோனா உலகுக்கே காட்டியது. உரிமைகளில் நாம் ஏழைகள் அல்லர். அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன கட்டினோம் என்பதுதான் கேள்வி.

வணிகப் பெருமக்களே, இனி சொல்வது கசக்கும். பென்கூலன் தெருவில் பழைய பள்ளியின் வக்பு இடத்தில், புதுப் பள்ளியோடு கடைகளும் வாடகைக்குத் தங்கும் அடுக்ககமும் சேர்த்துக் கட்டி 2004-இல் முடித்திருக்கிறார்கள். அந்த வருமானம் வக்புக்கு. இங்கே? கடைத்தெருவில் வக்புக் கடைகளுக்கா பஞ்சம்? வாடகை மட்டும் வாப்பா காலத்து வாடகை! அடுத்த கட்டடத்துக்காரர் பத்து மடங்கு வாங்குகிறார், கொடுக்கிறோம். அல்லாஹ்வின் சொத்து என்றால் மட்டும் கணக்குப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். மதரஸா உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுக்க ரமளானில் ரசீதுப் புத்தகம் தூக்குகிறோம்.

பிறரைச் சொல்லவில்லை. என் கடையும் வக்புக் கடைதான். ஊர் திரும்பிய மறுநாளே முத்தவல்லியைப் பார்த்து, "என் வாடகையை இன்றைய நிலவரத்துக்கு எழுதுங்கள்" என்றேன். மகிழ்வார் என்று எண்ணினேன். அவரோ கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாஜியார், உங்களுக்கு ஏற்றினால் மற்ற இருபது கடைக்காரர்களும் என்மேல் பாய்வார்களே!" என்றார்.

அந்த இருபது பேரில் பலர் இந்தப் பந்தலில் இருக்கிறீர்கள். வரும் வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். நானும் இருப்பேன். வாருங்கள்.