வானத்திலிருந்து வரும் இணையமும் லயத்துக்கு வரும் பில்லும்

(2025 ஆகஸ்ட் விடுமுறையில் கல்முனையில் நடந்த சங்கக் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

நேற்று பதுளையிலிருந்து வந்த பஸ்ஸில் நீங்களும் கவனித்திருப்பீர்கள். லுணுகலை மலையைச் சுற்றி இறங்கும்போது ஒருவர் போனிலும் சிக்னல் நிற்கவில்லை. அம்பாறை தாண்டி வயல்வெளி வந்ததும் எல்லாப் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டது.

நான் இந்தக் கரையில் பிறந்தவள். எங்கள் ஊரில் பிள்ளைகள் வாசலில் குந்திக்கொண்டே போனில் பாடம் பார்ப்பார்கள். நான் படிப்பிக்கும் தோட்டத்தில் அதே வகுப்புப் பிள்ளை கோயில் மேட்டுக்கு ஏறவேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு பேருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

இங்கே நிலம் தட்டை, வீடுகள் நெருக்கம். ஒரு டவர் போட்டால் ஆயிரக்கணக்கான போன்கள் பேசும். மலையில் ஒரு டவர் போட்டால் அடுத்த மலை அதை மறைக்கும், பள்ளத்து லயத்துக்கு ஒன்றும் இறங்காது. கம்பெனிக்காரர் இதைக் கணக்குப் பார்க்கிறார். அவர் வியாபாரி, பார்க்கத்தான் செய்வார். கணக்குப் பார்க்காமல் செய்யவேண்டியது அரசாங்கம்.

கொரோனாக் காலத்தை நாம் மறக்கவில்லை. 2021இல் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் யானையும் சிறுத்தையும் திரியும் காட்டுக்குள் மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து, பாறை உச்சியில் இருந்து பாடம் நடத்தியது உலகப் பத்திரிகைகளில் வந்தது. லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் மரத்தின் மேல் கட்டிய குடிசையில் ஏறிப் படித்தார்கள். நம் லயங்களில் நடந்ததைப் படம்பிடிக்க யாரும் வரவில்லை. வீட்டுக்கு ஒரு போன், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். நான் காலையில் அனுப்பிய பாடத்துக்கு இரவு பதினொரு மணிக்கு “பார்த்தேன் டீச்சர்” என்று பதில் வரும். அந்தப் பிள்ளையை எப்படி ஏசுவது?

இனி வானத்து விஷயத்துக்கு வருவோம். ஸ்டார்லிங்க் வந்துவிட்டது, டவர் தேவையில்லை, மலையும் காடும் இனித் தடையில்லை என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். இதுபோன்ற பேச்சை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். 2015இல் கூகுள் நிறுவனத்தோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்தது. லூன் என்ற பலூன்களை ஆகாயத்தில் மிதக்கவிட்டு நாடு முழுவதும் இணையம் தருவோம் என்றார்கள். 2016 பெப்ரவரியில் பரீட்சார்த்தமாக வந்த பலூன் ஒன்று எங்கே இறங்கியது தெரியுமா? கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில்! திட்டமிட்ட இறக்கம்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இருக்கட்டும். அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் இலங்கைத் திட்டம் நின்றுபோனது. 2021 ஜனவரியில் லூனையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். தேயிலைக் காட்டுக்கு பலூன் வந்தது, இணையம் வரவில்லை.

ஸ்டார்லிங்க் அப்படியல்ல, அது உண்மையில் வேலை செய்கிறது. பழைய செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பவை. பேச்சு போய்த் திரும்பவே அரை விநாடிக்கு மேல் ஆகும். இவை ஏறத்தாழ 550 கிலோமீற்றரில் கூட்டம் கூட்டமாகச் சுற்றுகின்றன, அதனால் தாமதம் தெரியாது. 2024இல் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி அனுமதி கொடுத்தார்கள். இந்த வருடம் யூலை 2ஆம் திகதி சேவை தொடங்கியது.

ஆனால் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும். சவுக்கும் டர்பன்டைனும் மறைத்தால் அறுந்து அறுந்து வரும். அதைவிடப் பெரிய மறைப்பு விலை. தட்டும் கருவியும் 118,000 ரூபா. வீட்டுப் பொதி மாதம் 15,000. நம் அடிப்படை நாட்சம்பளம் 1,350. கருவிக்கு மட்டும் 88 முழுப்பேர் போடவேண்டும். மாதா மாதம் பதினொரு பேர் பில்லுக்கே போகும். மிச்சத்தில் மா வாங்குவதா, மண்ணெண்ணெய் வாங்குவதா?

இருபது வீடு சேர்ந்து போட்டால் மாதம் 750தானே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் வீட்டுப் பொதி ஒரு வீட்டுப் பாவனைக்கு மட்டும், அதைப் பிறருக்கு விற்க விதி இடம் தராது. எடுப்பதென்றால் பாடசாலையோ வாசிகசாலையோ நிறுவனமாக எடுக்கவேண்டும். அதன் பில்லை லயம் கட்டக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, இது என்னை அதிகம் உறுத்துவது. என் மாணவி ஒருத்தியின் அண்ணன் கொழும்பில் உழைத்து, வீட்டுக்கு இணைப்பு எடுக்கப் போனார். “முகவரிக்கு அத்தாட்சி என்ன?” என்று கேட்டார்கள். லயத்துக்கு ஏது இலக்கம்? கடிதமே தோட்ட ஆபீசுக்கு வந்துதானே நமக்குக் கிடைக்கிறது. பணம் கையில் இருந்தும் அவர் திரும்பி வந்தார். காணியும் முகவரியும் கேட்டு நாம் நடத்தும் போராட்டத்துக்குள் இணையமும் இருக்கிறது.

கேரளத்தில் மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் நம் சொந்தக்காரர்கள் போலவே வாழ்கிறார்கள். அந்த மாநில அரசு இணையத்தை மக்களின் உரிமை என்று அறிவித்து, மின்சாரக் கம்பங்கள் வழியாகவே ஃபைபர் கம்பி இழுத்து, 2023 யூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். அந்த இலக்கை இன்னும் எட்டவில்லை, மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நம் லயத்துக்கும் மின்கம்பம் வந்திருக்கிறதே! மின்கம்பம் வந்த இடத்துக்குக் கம்பியும் வரலாம். கம்பி எட்டாத மேல் பிரிவுகளுக்கு மட்டும் செய்மதித் தட்டு கேட்போம்.

ஆகவே மாவட்டக் குழு முன்வைக்கும் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் இணைப்பு, பாடம் முடிந்த பின் இரவு எட்டு மணி வரை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது திறந்திருக்க வேண்டும், பில் கல்வி அமைச்சின் கணக்கில். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் இதை எழுதுகிறோம்.

வெறுமனே “சிக்னல் இல்லை” என்று எழுதினால் கோப்புக்குள் தூங்கும். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் லயம், எந்தக் கம்பெனி சிம், எங்கே போய் நின்றால் கிடைக்கிறது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமார் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதுவார்கள். பஸ் மூன்று மணிக்குத்தான், நேரம் இருக்கிறது.