அனைவரும் திரும்பி வர வேண்டும்

(அரையாண்டு விடுமுறைக்கு முன் நடைபெற்ற பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், பங்கு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

முதலில் பள்ளிச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் மழை நம்மை விடவில்லை. மழையால் இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுசெய்து, பத்தாம் வகுப்புக்குப் பாடங்களை முடித்துவிட்டோம். ஒழுகிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புக் கட்டடத்தின் ஓடுகளை, கொத்து வேலை தெரிந்த பெற்றோர் சிலர் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பள்ளியின் நன்றி. நம் பெண்கள் கோ-கோ விளையாட்டில் நன்றாக ஆடினார்கள். வெற்றி கிடைக்காவிட்டாலும் நற்பெயர் கிடைத்தது. ஆலயப் பொன்விழாவுக்காகப் பிள்ளைகள் ஒரு நாடகம் பழகி வருகிறார்கள். தேர்வு முடிந்த அன்று மாலை அதை மேடையில் காண்பீர்கள். இவை யாவும் மகிழ்ச்சிக்குரிய செய்திகள்.

நிற்க. இன்று உங்களை அழைத்தது இவற்றைச் சொல்வதற்காக மட்டும் அன்று. இன்னும் சில நாட்களில் தேர்வு முடியும். பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும் அன்று வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் எழ வேண்டும். என் உரை முழுவதும் இந்த ஒரே ஒரு வேண்டுகோள்தான்: விடுமுறைக்குப் போகிற பிள்ளைகள் அனைவரும் திரும்பி வர வேண்டும்.

இதில் என்ன பெரிய காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் கடல் பொங்கி வந்தது. அடுத்த மாதம் நாகையிலும் கடலூரிலும் குமரியிலும் கடற்கரைப் பள்ளிகள் திறந்தபோது, பெயர் வாசித்தும் பதில் வராத வகுப்புகள் பல இருந்தன. அது இயற்கையின் செயல். நம் கையில் இல்லை. நான் இன்று பேசப்போவது நம் கையில் இருப்பவற்றைப் பற்றி.

முதலாவது, தண்ணீர். வடகிழக்குப் பருவமழை முடிகிற சமயத்தில்தான் நமக்கு விடுமுறை வருகிறது. ஏரியும் குளமும் கிணறும் நிரம்பி இருக்கும். கோடையில் ஆடு மேய்த்த இடத்தில் இப்போது ஆளை மூழ்கடிக்கும் ஆழம். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளமும், கல் உடைத்த குழியும் மேலே பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரியாதவன் கரையில் நிற்பான். கொஞ்சம் தெரிந்தவன்தான் துணிந்து இறங்குவான். ஆகவே "என் மகனுக்கு நீச்சல் தெரியும்" என்று யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம்.

மாணவர்களே, இதை நன்றாகக் கேளுங்கள். நண்பன் தண்ணீரில் தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூழ்குகிறவன் கையில் கிடைத்ததை இறுகப் பிடித்துக்கொள்வான்; காப்பாற்றப் போனவனும் சேர்ந்து போவான். சத்தம் போட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கயிறு, வேட்டி, சேலை, நீண்ட கொம்பு, காலிக் குடம், எது கிடைத்தாலும் கரையில் நின்றபடியே நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். 108க்கு உடனே சொல்லுங்கள். இதற்குத் துணிச்சல் குறைவு என்று பொருள் அல்ல. அறிவு நிறைவு என்று பொருள்.

இரண்டாவது, வண்டி. விழாக்காலம், இரவில் கேரல் பாடப் போவார்கள், நள்ளிரவுத் திருப்பலிக்கு வருவார்கள், புத்தாண்டு வரும். ஒன்பதாம் வகுப்புப் பையன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்புவான். "ஆசைப்படுகிறான், இந்தத் தெருவுக்குள்தானே" என்று சாவியைக் கொடுப்பவர் நாம்தான். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. சட்டம் கிடக்கட்டும், போன உயிரை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது. சாவியை உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேலை. இதைச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. விடுமுறைதானே, பத்து நாள் பனியன் கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ போனால் நாலு காசு வரும் என்று சில வீடுகளில் எண்ணுகிறார்கள். வறுமை எனக்குத் தெரியாதது அல்ல. வயலில் அப்பாவுக்குக் கைகொடுப்பதும், அம்மாவுக்குக் கடையில் துணை நிற்பதும் வேறு. வெளியூரில் கூலிக்கு விடுவது வேறு. முதல் வாரக் கூலி கைக்கு வந்த பையனுக்குப் புத்தகம் கசக்கத் தொடங்கும். பத்து நாள் இருபது நாளாகும். பொங்கல் கழியட்டும் என்பார்கள். பிறகு பெயர் பதிவேட்டில் மட்டும் இருக்கும். சென்ற ஆண்டு அப்படிப் போன ஒரு மாணவனைத் தேடி நம் ஆசிரியர் இருவர் பேருந்து ஏறிப் போய், அவன் தந்தையிடம் பேசி அழைத்து வந்தார்கள். அவன் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிறான், கணக்கில் கெட்டிக்காரன். அழைத்து வர முடியாமல் போனவர்களும் உண்டு.

2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் கூலிக்கு அமர்த்தக் கூடாது. 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. கடனோ கஷ்டமோ நெருக்கினால், பிள்ளையை அனுப்புவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சேர்ந்து வழி தேடுவோம்.

இதனோடு சேர்ந்தது பசி. காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவாக அதை விரிவாக்கினார். 1984இல் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் அது கிடைத்தது. நம் பள்ளியிலும் தட்டேந்தி நிற்கும் பிள்ளைகள் உண்டு. பள்ளி மூடினால் அந்தச் சோறும் நின்றுவிடும். விடுமுறை என்றதும் எல்லாப் பிள்ளைகளும் துள்ளிக் குதிப்பதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. பண்டிகைக்குப் பலகாரம் சுடும் வீடுகளே! பக்கத்து வீட்டுப் பிள்ளை மதியம் சாப்பிட்டதா என்று விசாரியுங்கள். எந்த மதத்துப் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். நம் பள்ளிப் பிள்ளை என்பது போதும்.

நான்காவது, மதிப்பெண். இதற்காகவே இன்று மிகவும் கவலையோடு நிற்கிறேன். நம் அரையாண்டுத் தேர்வில் ஒரு வினோதம் இருக்கிறது. பிள்ளைகள் டிசம்பரில் எழுதுகிறார்கள். விடைத்தாள் கைக்கு வருவது ஜனவரியில். இடைப்பட்ட நாட்கள் முழுவதும், சரியாக எழுதாத பிள்ளை ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டே திரிகிறது. விழா விருந்தில் உட்கார்ந்தாலும் சோறு இறங்காது. வருகிற உறவினர் ஒவ்வொருவரும் "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்பார்கள். பெரியம்மா மகளோடு ஒப்பிடுவார்கள். பள்ளி திறக்கும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பிள்ளைக்குப் பயம் கூடுகிறது. சில பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடுவதும், உயிரையே வெறுப்பதும் இந்தப் பயத்தினால்தான்.

பெற்றோர்களே! பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது. அரசு விட்டுவிட்ட பட்டியலை நாம் ஏன் வீட்டில் போட வேண்டும்? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தவறினால்கூட அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதி மேலே படிக்கலாம். அரையாண்டுத் தேர்வு எம்மாத்திரம்? எந்தப் பாடம் புரியவில்லை என்று காட்டுவதற்காக வைப்பது அது. காய்ச்சல் அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டு நோயாளியை யாராவது அடிப்பார்களா?

பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். கலகலப்பாக இருந்தவள் பேச்சைக் குறைத்தால், இரவு தூங்காமல் புரண்டால், ஆசையாக வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுத்தால், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால், அதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பாரம்தான் இறங்கும். அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை வீட்டுக்குள் வைக்காமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

இரண்டு தொலைபேசி எண்களைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். 14416 என்பது மனநலத்துக்கானது; 2022இல் மத்திய அரசு தொடங்கியது. இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். 1098 என்பது குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் அழைப்பதற்கு. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. மாணவர்களே, உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவிடம் சொல்ல முடியாத காரியமும், அப்பாவைப் பற்றியே சொல்ல வேண்டிய காரியமும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். யாரிடமாவது சொல்லுங்கள், மனதுக்குள் புதைக்காதீர்கள்.

பள்ளி தன் பங்குக்கு என்ன செய்யும் என்று நீங்கள் கேட்பது நியாயம். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. நம் பள்ளிக்கும் ஓர் ஆற்றுப்படுத்துநர் வாரந்தோறும் வருவதற்கு நிர்வாகம் ஏற்பாடு செய்து வருகிறது. அதுவரை வகுப்பாசிரியர்கள் விடுமுறையில் ஒரு முறையாவது தங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளோடு தொடர்பு கொள்வார்கள். விடுமுறையில் சிறப்பு வகுப்பு எதுவும் இல்லை. வீட்டுப் பாடமும் இல்லை. ஜனவரியில் விடைத்தாளைத் தரும்போது எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிக்க மாட்டார். இதை ஆசிரியர்கள் அனைவரும் கூடி முடிவு செய்திருக்கிறோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பதும் அதிகம் இல்லை. நாள்தோறும் ஒரு வேளையாவது பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போது மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்புங்கள். விளையாட விடுங்கள், எங்கே விளையாடுகிறார்கள் என்பதை மட்டும் தெரிந்து வைத்திருங்கள்.

மாணவச் செல்வங்களே! நன்றாகத் தூங்குங்கள், ஓடியாடுங்கள், ஒரு நல்ல கதைப் புத்தகம் படியுங்கள். யார் வீட்டில் விழா இல்லையோ அந்த நண்பனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தேர்வில் என்ன எழுதினீர்கள் என்பதை ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு எழுதியிருந்தாலும் சரி, எழுதாமலே விட்டிருந்தாலும் சரி, உங்கள் இடம் வகுப்பில் அப்படியே காத்திருக்கும். வந்து உட்காருங்கள், மற்றதை நாங்கள் சொல்லித் தருகிறோம்.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா, புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகளைக் கூறி அமர்கிறேன்.